மூடி இல்லாத டேங்க்

அழுகிய முட்டையும் டீசலும் சேர்ந்தால் வரும் வாடைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. அந்த வாடைக்கு நேர் மேலே, மாடியில், வாடகை கொடுத்துக் குடியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் வாடை உள்ளே வரும். மூடினால் ஏற்கெனவே வந்தது வெளியே போகாது. அச்சகத்தில் மையோடும் மண்ணெண்ணெயோடும் பிழைப்பவன் நான். எனக்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே முட்டை மொத்த வியாபாரம். முன்னறை முழுக்க அட்டைத் தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும். இருட்டான மூலையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு பல்பு, மேலே முட்டை உட்காரும் அளவுக்கு ஓட்டை. முட்டைக்காரரின் மகள் காலையிலிருந்து அந்த ஓட்டையில் முட்டையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நல்லது தட்டுக்கு, கெட்டது வாளிக்கு, விரிசல் விட்டது சட்டிக்கு. சட்டி அடுப்படிக்குப் போகும். அந்த வீட்டில் முழு முட்டையை யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. காலையில் விரிசல், மத்தியானம் விரிசல், ராத்திரியும் அதேதான். என்றைக்காவது எனக்கும் ஒரு கிண்ணம் வரும். நான் நன்றி சொல்லி வாங்கிப் பின்பக்கத்துப் பூனைக்கு வைப்பேன். அதுவும் சில நாள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஒரே மகள். அவளுக்கு வாய்த்தவன் வீட்டோடு மாப்பிள்ளை. அவனுக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கும், யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டீக்கடைக்காரன்கூட "மாப்ள, டீயா, பாலா?" என்றுதான் கேட்பான், உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு. முட்டையைக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. வண்டி ஒரு பழைய பிக்கப். அவனைவிட மூத்தது. மாமனார் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். ஓடினால் பேச்சில்லை, நின்றால் ஏச்சு.

டீசல் டேங்க்கின் மூடி எங்கேயோ விழுந்து தொலைந்தது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. புது மூடி வாங்க முட்டைக்காரருக்கு மனம் வரவில்லை. கிழிந்த துணியைச் சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டு, குழாய் வாயில் திணித்தார். பிறகு அந்தத் துணியே அவருக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. மற்றவர்கள் சும்மா இருந்தாலும் அவருக்கு யோசனை வந்துகொண்டேயிருக்கும்.

"மாடி" என்று என்னைக் கூப்பிட்டார். குடித்தனக்காரனுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. "இத பாருங்க மாடி. இந்த முடிச்சு நான் மட்டும் போடற முடிச்சு. வேற ஒருத்தன் அவுத்தா திரும்பப் போட வராது. உள்ள தள்ளி வெச்சிருக்கேன், வெளியிலேருந்து தெரியாது. வண்டி திரும்பி வரும்போது முடிச்சு மாறியிருந்தாலோ துணி இல்லேன்னாலோ யாரோ கை வெச்சிருக்கான்னு அர்த்தம்."

"யாருங்க கை வெப்பாங்க?"

"வண்டில எத்தன பேரு போறாங்க?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல் கூசுகிறது.

டீசலை வாசலிலேயே வைத்துக் கேனிலிருந்து அவரே ஊற்றுவார். துணியையும் அவரே திணிப்பார், விரலை நுழைத்து, முடிந்த மட்டும் ஆழமாக. சாயங்காலம் வண்டி வந்ததும் அவரே குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். பல நாள் துணி இருக்காது. வண்டிக்குள் டீசல் அளவு காட்டும் முள்ளும் கீழே இறங்கிக் கிடக்கும்.

"மாமா, ரோடு மோசம். எங்கயாவது குலுங்கி விழுந்திருக்கும்."

"அப்படியா மாப்ள? சரிங்க மாப்ள." மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த வாயாலேயே மகளிடம் சொன்னார். "வாயில குழாய வெச்சு உறிஞ்சி எடுத்து விக்கிறாரு. கையில வாடை போகாது. தெனமும் வந்ததும் மாப்பிள்ளை கைய மோந்து பாரு."

அவளும் மோந்து பார்த்தாள். அதுதான் எனக்கு அருவருப்பு. கட்டிய புருஷன் வேலை முடிந்து வருகிறான். அவள் முட்டைப் பெட்டியை விட்டு எழுந்து வாசலுக்கு வருகிறாள். அவன் இரண்டு கைகளையும் நீட்டுகிறான். அவள் குனிந்து மோந்து பார்க்கிறாள். பின்னால் தகப்பன் நின்றுகொண்டிருக்கிறார். முதலில் அவள் கேட்டு அவன் நீட்டினான். போகப் போகக் கேட்காமலேயே நீட்டினான். மாடிப்படியிலிருந்து நான் இதைப் பார்த்திருக்கிறேன். பழைய டீசல் வண்டி ஓட்டுகிறவன் கையில் டீசல் வாடை வராமல் மல்லிகைப்பூ வாடையா வரும்?

"வருதா?" என்பார் முட்டைக்காரர்.

"வருதுப்பா" என்பாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. நிஜத்தை எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது.

அப்புறம் ஒருநாள் உச்சி வெயிலில், முழு லோடோடு, வண்டி பாலத்து மேட்டில் நின்றுவிட்டது. இருமி இருமி நின்றது என்றான் மாப்பிள்ளை. கட்டி இழுத்து வருவதற்குள் மேல் தட்டுகளெல்லாம் சரிந்துவிட்டன. வண்டியிலிருந்து மஞ்சளும் வெள்ளையும் வடிந்து வாசல்வரை கோடு போட்டிருந்தது. ஈ மொய்த்தது. முட்டைக்காரரின் மனைவியான வீட்டுக்கார அம்மாவும் மகளும் உடையாததைப் பொறுக்கி எடுக்க உட்கார்ந்தார்கள். முழங்கை வரைக்கும் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு, மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மெக்கானிக் வந்தார். தெருவில் அவருக்கு 'இருமல்' என்று பெயர். இருமிக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்துப் போய், இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"டேங்க் அவுட்டுங்க. மடிப்பு ஓரமா துரு தின்னு போட்டிருக்கு, கசியுது. டீசல் ஊத்தற ரப்பர் குழாயும் வெடிப்பு. டேங்க்கைத் தாங்கற பட்டை ஒண்ணு தொட்டா அறுந்துரும். பத்தவெச்சு ஒட்டலாம்னா தகரத்துல சத்தில்ல. வேற டேங்க் போடணும்."

"எவ்வளவு கசியும்?" என்றார் முட்டைக்காரர்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"பாத்தீங்களா மாப்ள? கொஞ்சம் கொஞ்சமாத்தானாம்." வாசல் திண்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். "அப்படியே வெச்சுக்குவோம். டீசல் ஒழுகுச்சு. துணி ஒழுகுமா?"

இருமல்கூட இருமவில்லை.

"டேங்க்கை மாத்துங்க. புது மூடி போடுங்க. அதுக்கு அப்புறமும் கொறஞ்சா நீங்க உங்க வழியப் பாத்துக்கிட்டுக் கெளம்பலாம் மாப்ள. பொண்ணு இங்க இருப்பா. அவளுக்குச் சோத்துக்கு இல்லாம இல்ல."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த முட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் துடைக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

சாமான் தேட என்னையும் கூட அனுப்பினார். "மாடி, உங்களுக்கு லீவுதானே? ஒரு நடை போயிட்டு வாங்க. மாப்பிள்ளை கடைக்காரனோட தனியா பேசாம பாத்துக்கங்க." எனக்குக் காவல்காரன் உத்தியோகம். 'முடியாது, போய்யா' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஊரில் வேறு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. போனேன்.

உதிரிபாகக் கடைகள் ஒரே சந்தில் வரிசையாக இருந்தன. முதல் கடையில் கல்லாவில் இருந்தவன் வண்டியின் பெயரைக் கேட்டதும் உள்ளே திரும்பி, "டேய், அந்த வண்டி இன்னும் ஓடுதாம்டா" என்று கத்தினான். உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த மாடல் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டதாம். அடுத்த கடைக்காரன் டேங்க் இருக்கிறது என்று ஒன்றைக் கொண்டுவந்து போட்டான்.

மாப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இது பெட்ரோல் வண்டிதுங்க. திரும்பிப் போற டீசலுக்குக் குழாய் இல்ல."

"ஒரு ஓட்டை போட்டுக்கிட்டா போச்சு."

"வாயும் எதிர்ப் பக்கத்துல இருக்கே?"

"வண்டியத் திருப்பி நிறுத்தி ஊத்துங்க" என்றான் கடைக்காரன், கொஞ்சமும் சிரிக்காமல்.

மூன்றாவது கடையில் மூடி கிடைத்தது, சாவி போட்டுப் பூட்டுகிற மாதிரி. நாலாவதில் ரப்பர் குழாய். மாப்பிள்ளை பழைய குழாயைக் கொண்டுவந்திருந்தான். அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளைவு சரியா, வாய் சரியா என்று விரலை விட்டு அளந்தான். பழைய குழாயைத் தூக்கிப் பிடித்து அதன் வழியாகத் தெருவைப் பார்த்தான்.

"சார், இதுக்குள்ள ஒரு தகட்டு மடல் இருக்கணும். கதவு மாதிரி. டீசல் உள்ள போகும், வேற எதுவும் போகாது. இதுல அது துருப்பிடிச்சு உதிர்ந்தே போச்சு. பாருங்க, அந்தப் பக்கம் தெரியுது."

பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு மாடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அது வெறும் ஓட்டைதான். அவனுக்கும்தான்.

டேங்க் எங்கும் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு காயலான் கடை இருக்கிறது, அங்கே இதே மாடல் வண்டி ஒன்று மட்கிக் கிடக்கிறது என்று குழாய்க் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் தன் கையை மோந்து பார்த்தான். நான் பார்ப்பதைக் கண்டதும் மடியில் வைத்துக்கொண்டான்.

"சோப்பு, சீயக்காத் தூள், எலுமிச்சம்பழத் தோல், எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் சார். போகல."

"போகாதுப்பா. நீ ஏன் கைய நீட்டற? முடியாதுன்னு சொல்லேன்."

"நீட்டலேன்னா திருடன்கறாரு. நீட்டினா அவ வாடை வருதுங்கறா." பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "அவரு என்னமோ சொல்லிட்டுப் போகட்டும் சார். இவ ஒரு நாளாவது 'வரலப்பா'ன்னு சொல்லியிருக்கலாம். இல்லாட்டி, வந்தா என்னன்னு கேட்டிருக்கலாம்."

காயலான் கடை என்றால் ஒரு கடையைக் கற்பனை செய்யாதீர்கள். அது ஒரு பெரிய குழி. மழைத் தண்ணீர் எண்ணெய்ப் படலத்தோடு தேங்கி நின்றது. அதில் பாதி மூழ்கிய கார்கள், கதவில்லாத பஸ், செத்த எலி ஒன்று வயிறு உப்பி மிதந்தது. கடைக்காரர் ஒரு லாரியின் பிய்ந்த சீட்டில் உட்கார்ந்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாற்றத்திலும் மனிதர் ரசித்துச் சாப்பிட்டார்.

"இருக்கு, அந்த ஓரத்துல. நீங்களே கழட்டிக்கங்க" என்று எச்சில் கையால் காட்டினார். "நாய் குட்டி போட்டிருக்கு. பாத்துப் போங்க."

அவன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் மல்லாந்து உள்ளே போனான். நாய் உறுமிக்கொண்டேயிருந்தது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, காத்திருந்து, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டுத் திருகினான். மத்தியானம் சாய்ந்த பிறகு டேங்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். முதுகெல்லாம் நாய்ப் பீ. தாங்கும் பட்டைகளும் நன்றாக இருந்தன. டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, ஓரமெல்லாம் சாம்பல் தடவி, ஈரம் கசிகிறதா என்று பார்த்தான். கசியவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"மிதவைய எவனோ கழட்டிட்டுப் போயிட்டான் சார். டீசல் எவ்வளவு இருக்குன்னு முள்ளுக்குச் சொல்றது அதுதான். பரவாயில்ல, நம்ம பழைய டேங்க்குல இருக்கறதையே எடுத்து மாத்திடலாம்."

இந்த மிதவை மட்டும் கிடைத்திருந்தால் பழைய டேங்க்கைத் திறக்காமல் அப்படியே எடைக்குப் போட்டிருப்பார்கள். அவன் ஆயுசுக்கும் திருடனாகவே இருந்திருப்பான்.

மறுநாள் காலை வாசலில் வேலை நடந்தது. இருமல் பழைய டேங்க்கை இறக்கி, இருந்த டீசலை வாளியில் வடித்தார். டீசலா அது? கறுப்பாக, கட்டி கட்டியாக, சளி மாதிரி இழுத்தது. முட்டைக்காரர் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மிதவையைப் பிடித்திருந்த வளையத்தைத் தட்டிச் சுற்றிக் கழற்றினார் இருமல். மிதவையைத் தூக்கினார். வரவில்லை.

"என்னமோ பிடிச்சு இழுக்குது."

காலை வைத்து மிதித்துக்கொண்டு இழுத்தார். மிதவை வந்தது. அதன் கம்பியைச் சுற்றிக்கொண்டு, ஊறிப்போய், கறுத்துப்போய், ஒரு துணி வந்தது. ஒரு முனையில் முடிச்சு இருந்தது.

இருமல் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். மறுபடி இன்னொன்று. டீசல் உறிஞ்சும் குழாயின் வாயை ஒன்று அப்படியே கவ்விக்கொண்டிருந்தது. வாடை குப்பென்று கிளம்பியது. அழுகல், டீசல், துரு எல்லாம் சேர்ந்த வாடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தரையில் துணிகள் குவிந்தன, செத்த எலிகளைக் குவித்தது போல. எல்லாவற்றிலும் அதே முடிச்சு.

வீட்டுக்கார அம்மா குனிந்து விரல் நுனியால் ஒன்றைப் புரட்டினார். "அய்யோ, இது என் தலைகாணி உறை. காத்துல போச்சுன்னு தெருவெல்லாம் தேடினேனே. இது அடுப்படித் துணி. இது..." அவர் முட்டைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "இது உங்க பனியன்."

இருமல் பழைய குழாயை எடுத்து, அதற்குள் ஒரு துணிச் சுருளை விரலால் தள்ளிவிட்டு ஒரு குலுக்குக் குலுக்கினார். துணி அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. "மடல் உதிர்ந்து போச்சுங்க. நீங்க ஆழமா தள்ளிவிடுவீங்க. வண்டி குலுங்கும், அது உள்ள போயிரும். மிதவைய அமுக்கிரும், முள்ளு ஏறாது. குழாய அடைச்சிரும், வண்டி நின்னுரும்." இருமி முடித்துவிட்டு, "வேற யாரும் எதுவும் பண்ணலீங்க" என்றார்.

அப்போதாவது அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மன்னிப்பெல்லாம் யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போயிருந்தால்கூடப் போதும்.

"நான் வாயிலதான் வெச்சேன்" என்றார் முட்டைக்காரர். "உள்ள தள்ளினது யாரோ? டீசல எடுத்துட்டு, துணிய உள்ள தள்ளி விட்டிருக்கலாம்ல? சாமர்த்தியம் வேணும் அதுக்கு." பிறகு கையை நீட்டினார். "அந்தப் புது மூடிக்குச் சாவி இருக்குமே மாப்ள, அத இப்படிக் குடுங்க. என்கிட்டயே இருக்கட்டும்."



மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். கொடுத்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். பழகிய கை அது.

அதற்குள் மகள் முட்டைப் பெட்டியை விட்டு எழுந்து வந்தாள். டேங்க்கின் பக்கத்தில் உட்கார்ந்து, வளையல் உரச, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். துழாவினாள். அடியில் மிச்சமிருந்த ஒரு துணியைப் பிடுங்கி எடுத்து, இரண்டு கையாலும் பிழிந்து, குவியலில் போட்டாள். கறுப்புச் சளி அவள் கைகளிலிருந்து கோடு கோடாக வடிந்தது. அப்படியே எழுந்து போய் இரண்டு கைகளையும் தகப்பன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்கப்பா."

அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். "சீ! என்ன கழுதை இது?"

"வாடை வருதா? சொல்லுங்க. நானும் உறிஞ்சி வித்தேனா?"

"கைய எடு மொதல்ல!"

"தெனமும் என்னை மோக்க வெச்சீங்களே. ஒரு நாள் நீங்க மோந்து பாக்க முடியாதா?"

அவர் முகத்தைத் திருப்பினார். அவள் கை அந்தப் பக்கமும் போனது. கடைசியில் அவர் எழுந்து, வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கைகளை அந்தக் கதவிலேயே அழுத்தித் துடைத்தாள். பத்து விரலும் கதவில் பதிந்தன. சாவி மாப்பிள்ளையின் கையிலேயே இருந்தது. அதை டேங்க்கின் மேல் வைத்துவிட்டு, கதவைத் தள்ளி உள்ளே போய்ச் சட்டைகளை எடுத்துப் பையில் திணித்தான். பையோடு அவன் தெருவில் இறங்கியதும் அவளும் கூடவே போனாள்.

வண்டியில் எல்லாவற்றையும் இருமல் பொருத்தி முடித்தார். மாற்று டேங்க், புதுக் குழாய், புது மூடி. வேறு டிரைவர் வந்தான். சாவி முட்டைக்காரரின் இடுப்பில் தொங்கியது. கதவில் இருந்த விரல் அடையாளத்தை வீட்டுக்கார அம்மா தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. போகட்டும் என்று அவரும் பெரிதாகத் தேய்க்கவில்லை. நானும் வேறு வீடு பார்த்துக்கொண்டேன். சின்ன அறைதான், வெயில் அதிகம். ஆனால் மூச்சு விடலாம்.

கொஞ்ச காலம் கழித்து அவர்கள் இருக்கும் இடத்தைக் கேட்டறிந்து ஒரு சாயங்காலம் போனேன். வரிசை வீட்டில் ஒற்றை அறை. அவன் ஒரு செங்கல் சூளைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், இன்னும் வந்திருக்கவில்லை. அவள் எனக்கு டீ போட்டாள். "முட்டை கேக்காதீங்க, இந்த வீட்டுக்குள்ள நுழைய விடறதில்ல" என்று சிரித்தாள். நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அவன் படியேறி வந்தான், தலையெல்லாம் செங்கல் தூசி. என்னைக் கவனிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான், உள்ளங்கை மேலே தெரிய.

அவள் அந்தக் கைகளை ஓங்கி அடித்தாள். அடித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"வாங்க சார், எப்ப வந்தீங்க?" என்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "தெனமும் அடிக்கிறா சார். இந்தப் பழக்கம்தான் விடமாட்டேங்குது."